44ஆம் வரிசையோடு நின்றுபோன சராசரி

எக்செல் தாளோடு தினம் புழங்குகிறவர்களுக்கு இந்தத் தப்பு புதிதல்ல. பட்டியலுக்கு அடியில் சராசரி போடுகிறோம். மவுஸை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வரும்போது, கடைசிக்கு நாலைந்து வரிசை முன்பே விரல் விட்டுவிடுகிறது. விடை மட்டும் வந்துவிடும். தாள் முனகாது, அடியில் சிவப்புக் கோடும் போடாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு தீபாவளிக்கு போனஸ் கணக்கில் கடைசி மூன்று பேர் இப்படித்தான் விடுபட்டார்கள். அதில் ஒருவர் வாட்ச்மேன். கண்டுபிடித்தவரும் அவரே. அக்கவுண்ட்ஸில் இருந்த எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

அரசின் கடன் கூடினால் நாட்டின் வளர்ச்சி என்ன ஆகும் என்று பார்த்த, 2010இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வுக் கட்டுரையின் தாளிலும் இதேதான் நடந்தது. ‘எல்’ என்ற நெடுவரிசையில் 30 முதல் 49 வரை 20 நாடுகளுக்கு இடம். சராசரி எடுத்த சூத்திரமோ 30இல் தொடங்கி 44இல் நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் வெளியே. ஆங்கில அகரவரிசையில் முதலில் வரும் ஐந்து நாடுகள் இவை. பட்டியல் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்ததால் அடியில் மாட்டிக்கொண்டன. இந்தத் தாளிலிருந்து வந்த எண்ணைத்தான் பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் என்று மூன்று இடத்திலும் அரசின் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

உலகம் இந்த விவகாரத்தை ‘எக்செல் தப்பு’ என்றே ஞாபகம் வைத்திருக்கிறது. எண்களை ஒருமுறை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், அந்த ஐந்து வரிசைதான் இதில் இருக்கும் முக்கியமான தப்புகளிலேயே சின்னது என்று தெரியும்.

சொன்னது என்ன?

கட்டுரையை எழுதிய இருவரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கென்னத் ரோகோஃப் ஹார்வர்டு பேராசிரியர். சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர். கார்மென் ரைன்ஹார்ட் அப்போது மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்தார். நிதி நெருக்கடிகளின் வரலாற்றைத் தோண்டி எடுப்பதில் அவருக்கு இணையாகச் சொல்லச் சிலரே உண்டு. 2008 நெருக்கடி முடிந்த கையோடு, அரசுகளின் கடன் எகிறிக்கொண்டிருந்த நேரத்தில், ‘கடன் காலத்தில் வளர்ச்சி’ என்று பொருள்படும் தலைப்பில் சில பக்கங்களே கொண்ட இந்தக் கட்டுரை வந்தது. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத் தொகுப்பில், 2010 மே மாதம் அச்சானது. அந்தத் தொகுப்பில் வரும் கட்டுரைகள் வழக்கமான சக ஆய்வாளர் பரிசோதனைக்குப் போவதில்லை. இதை ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்த வேலை எளிமையானது. 20 வளர்ந்த நாடுகள், 1946 முதல் 2009 வரை. ஒவ்வொரு ஆண்டிலும் அரசின் கடன், நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது ஜிடிபியில், எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். 30க்குக் கீழே, 30 முதல் 60, 60 முதல் 90, 90க்கு மேலே என்று நான்கு கூடை. ஒவ்வொரு கூடையிலும் சராசரி வளர்ச்சி எவ்வளவு? முதல் மூன்றில் 4.1, 2.8, 2.8 சதவீதம். நான்காவதில் -0.1.

இந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். 89 வரை சாதாரண ரோடு, 90இல் பள்ளம். இத்தனைக்கும் அதே கட்டுரையில் நான்காவது கூடைக்கு நடுமதிப்பு 1.6 என்று இன்னொரு எண்ணும் இருந்தது. பட்டியலை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் வருவது அது. ஒற்றை விபரீத எண் ஒன்று வந்து அதை இழுத்துப் போட முடியாது. ஆனால் 1.6 என்ற எண்ணை யாரும் மேடையில் சொல்லவில்லை.

கையில் எடுத்தவர்கள்

கட்டுரை அச்சாவதற்கு முன்பே, 2010 பிப்ரவரியில், லண்டனில் ஓர் உரையில் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இதை மேற்கோள் காட்டினார். அப்போது அவர் எதிர்க்கட்சியின் நிதித்துறைப் பேச்சாளர். மே மாதம் நிதியமைச்சர் ஆனார். ஜூனில் அவசர பட்ஜெட்: அரசு ஊழியர்களில் ஆண்டுக்கு 21,000 பவுண்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வருஷம் சம்பள உயர்வு கிடையாது; விற்பனை மீதான வாட் வரி 17.5இலிருந்து 20 சதவீதம். அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் பால் ரயன் தன் பட்ஜெட் திட்டத்தில் இதே ஆய்வைச் சேர்த்துக்கொண்டார். ஐரோப்பிய ஆணையத்தில் பொருளாதாரப் பொறுப்பில் இருந்த ஓலி ரென், 2013 தொடக்கத்தில் ஒன்றியத்தின் நிதியமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் 90 சதவீதத்தை ஆபத்து எல்லையாகச் சுட்டினார். அதே ஆண்டு வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம், 90ஐ வளர்ச்சிக்கு ஆபத்தான எல்லையாகப் பொருளாதார நிபுணர்கள் கருதுவதாக எழுதியது. எந்த நிபுணர், எத்தனை பேர் என்ற கேள்வியெல்லாம் அதற்குள் உதிர்ந்துபோயிருந்தது. ‘இரண்டு பேர் ஒரு கட்டுரையில் சொல்கிறார்கள்’ என்பது மூன்று வருஷத்தில் ‘எல்லோருக்கும் தெரியும்’ ஆகிவிட்டது.

இந்தக் கட்டுரை இல்லையென்றால் சிக்கன நடவடிக்கை வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். கிரேக்கத்தின் கழுத்தில் கத்தி வைத்தது கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை; ஆராய்ச்சிக் கட்டுரை அல்ல. அங்கே 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. ஆஸ்போர்னும் ரயனும் ஏற்கெனவே போக முடிவு செய்த ஊருக்குத்தான் இந்தக் கட்டுரையைக் காட்டி டிக்கெட் வாங்கினார்கள். ஆனாலும் ஒரு எண்ணுக்கு இருக்கும் வசதி வேறு. ‘செலவைக் குறைப்பது எங்கள் கொள்கை’ என்றால் எதிர்த்துப் பேசலாம். ‘90 தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும்’ என்றால் எதிராளி வாயடைத்து உட்கார வேண்டியதுதான்.

ஒரு மாணவரின் வீட்டுப்பாடம்

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவர் தாமஸ் ஹெர்ண்டன். வகுப்பில் கொடுத்த வேலை: புகழ்பெற்ற ஏதாவது ஓர் ஆய்வை எடுத்து, அதே தரவை வைத்து அதே விடையைக் கொண்டுவந்து காட்டு. அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். விடை வரவில்லை. மறுபடியும் போட்டார், வரவில்லை. பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷும் ராபர்ட் போலினும் முதலில் பையன்தான் எங்கேயோ கோட்டை விட்டிருப்பான் என்று நினைத்தார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம். ஒரு பக்கம் ஹார்வர்டு, மறுபக்கம் வீட்டுப்பாடம்.

பல மாதம் இப்படி ஓடியது. கடைசியில் ஹெர்ண்டன் ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்கள் தாளை அனுப்பி வைத்தார்கள். இந்த இடத்தில் ரைன்ஹார்ட்டுக்கும் ரோகோஃபுக்கும் ஒரு மரியாதை சேரவேண்டும்: தங்கள் கோப்பை முன்பின் தெரியாத மாணவருக்குக் கொடுக்க எல்லா ஆய்வாளர்களும் முன்வருவதில்லை. கோப்பைத் திறந்து, சராசரி இருந்த கட்டத்தை இரட்டைக் கிளிக் செய்தால், அது எங்கிருந்து எங்கே கூட்டுகிறது என்பதை நீலப் பெட்டி காட்டும். 44இல் நின்றது.

2013 ஏப்ரல் 15 அன்று மூவரும் சேர்ந்து தங்கள் ஆய்வறிக்கையை வெளியிட்டார்கள். மறுநாள் மைக் கொன்சால் என்ற எழுத்தாளர் அதை இணையத்தில் விளக்கி எழுதினார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அந்த மாதமே ஹெர்ண்டன் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியில் விருந்தாளி.

ஏழு எண்கள்

இனிமேல்தான் சரக்கு. நான்காவது கூடையில், பெல்ஜியம் விடுபட்ட பிறகு, கடைசியில் கூட்டலுக்கு வந்தவை ஏழே நாடுகள். கிரேக்கம் 19 ஆண்டுகள், சராசரி 2.9. பிரிட்டன் 19 ஆண்டுகள், 2.4. அயர்லாந்து 7 ஆண்டுகள், 2.4. இத்தாலி 10 ஆண்டுகள், 1.0. ஜப்பான் 11 ஆண்டுகள், 0.7. அமெரிக்கா 4 ஆண்டுகள், -2.0. நியூசிலாந்து ஒரே ஓர் ஆண்டு, -7.9.

கூட்டினால் -0.5. ஏழால் வகுத்தால் -0.07. முழுமையாக்கினால் -0.1. உலகம் சுற்றிய எண் இதுதான்.

முதலில் எக்செல் தப்பை மட்டும் திருத்துவோம். விடுபட்ட ஐந்து நாடுகளில், அவர்கள் தரவின்படி 90ஐத் தாண்டியது பெல்ஜியம் மட்டுமே: 25 ஆண்டுகள், சராசரி 2.6. அதைச் சேர்த்து எட்டால் வகுத்தால் சுமார் 0.3. அதாவது -0.1 என்பது 0.3 ஆகிறது. பள்ளம் அப்படியே இருக்கிறது. எக்செலை நினைத்துச் சிரித்தவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவே இல்லை.

சரி, இப்போது எக்செல் தப்பை அப்படியே விட்டுவிடுவோம். அதே ஏழு நாடுகள், அதே எண்கள். ‘நாட்டுக்கு ஒரு ஓட்டு’ என்பதை மட்டும் ‘ஆண்டுக்கு ஒரு ஓட்டு’ என்று மாற்றுவோம். மொத்தம் 71 ஆண்டுகள். பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கு 19 ஓட்டு, நியூசிலாந்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு ஓட்டு. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்: ஏறத்தாழ 1.7. எதிர்மறை போயே போய்விட்டது.

அந்த -7.9 எங்கிருந்து வந்தது? 1951இல் நியூசிலாந்தின் வளர்ச்சி. உண்மையில் அது -7.6, தாளில் ஏற்றும்போது யாரோ 7.9 என்று தட்டிவிட்டார்கள். துறைமுகத் தொழிலாளர் பிரச்சினை 151 நாள் நீடித்த ஆண்டு அது. அதற்கு முன்பு, 1946 முதல் 1949 வரை நான்கு ஆண்டுகளிலும், நியூசிலாந்தின் கடன் 90க்கு மேலேதான் இருந்தது. அவை கணக்கில் இல்லை. வளர்ச்சி அப்போது 7.7, 11.9, -9.9, 10.8. ஐந்து ஆண்டுகளையும் சேர்த்தால் சராசரி 2.6. நான்கு ஆண்டுகள் காணாமல் போனதால் 2.6 என்று நிற்கவேண்டிய நாடு -7.9 என்று நின்றது. அப்புறம் அந்த ஓர் ஆண்டுக்கு பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்குச் சமமான எடையும் கிடைத்தது. ஆஸ்திரேலியா, கனடா இரண்டிலும் 1946 முதல் 1950 வரை ஐந்தைந்து ஆண்டுகள் இப்படியே தரவில் இல்லை. இரண்டு நாட்டிலும் அப்போது வளர்ச்சி 3 சதவீதமோ அதற்கு மேலோ.

விடுபட்டதையெல்லாம் சேர்த்துவிட்டு, எடை போடும் முறையை ஆசிரியர்கள் விரும்பியபடியே விட்டால் 1.9 வருகிறது. எல்லாத் தரவையும் சேர்த்து, ஆண்டுக்கு ஒரு ஓட்டும் கொடுத்தால், 110 ஆண்டுகளுக்கு ஹெர்ண்டனும் பேராசிரியர்களும் சொன்ன 2.2. ஆக, காணாமல் போன தரவு, எடை என்ற இரண்டில் எந்த ஒன்றைச் சரிசெய்தாலும் பள்ளம் மூடிக்கொள்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் -0.1 வரும். எக்செல் அதற்கு மேல் தூவிய கறிவேப்பிலை.

நாட்டுக்கு ஒரு ஓட்டு என்பது முட்டாள்தனமான யோசனை அல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். பிரிட்டனின் 19 ஆண்டுகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. 19 தனித்தனி சாட்சிகள் என்று அவற்றை எண்ணினால் ஒரே நாட்டின் கதை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஆசிரியர்கள் தங்கள் பதிலில் இதைத்தான் சொன்னார்கள், அதில் நியாயம் உண்டு. நடுவழிகளும் உண்டு. எந்த வழியை எடுத்தோம், ஏன், மற்ற வழியில் போனால் விடை எவ்வளவு மாறும் என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் போதும். அந்தப் பத்தி கட்டுரையில் இல்லை.

எது முன்னே, எது பின்னே

ஒரு பேச்சுக்கு எல்லாக் கணக்கும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி நிற்கிறது. கடன் கூடியதால் வளர்ச்சி குறைந்ததா, வளர்ச்சி குறைந்ததால் கடன் கூடியதா?

கடன் 85, ஜிடிபி 100 என்றால் விகிதம் 85. உலகச் சந்தை சரிந்து ஜிடிபி 92 ஆகிவிட்டது. அரசு ஒரு பைசா புதிதாகக் கடன் வாங்கவில்லை. விகிதம் இப்போது 92. ‘எல்லையைத் தாண்டிய நாடு’ என்ற முத்திரை விழுந்துவிட்டது, வளர்ச்சி மோசமாக இருந்த அதே ஆண்டில். ஜப்பானைப் பாருங்கள்: நிலமும் பங்கும் வீங்கி வெடித்தது 1990களின் தொடக்கத்தில், வளர்ச்சி படுத்தது அப்போதே. இந்தத் தரவில் ஜப்பான் 90க்கு மேல் போவது 1999இல்தான். அமெரிக்காவின் அந்த நான்கு ஆண்டுகள் 1946 முதல் 1949 வரை. போர் முடிந்து, டாங்கியும் குண்டும் செய்த தொழிற்சாலைகள் வேலையை நிறுத்தி, படையினர் வீடு திரும்பிய காலம். உற்பத்தி குறைந்ததற்குக் கடன்தான் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கூடைக்குள் அதுவும் கடனின் சாட்சியாகவே உட்கார்ந்திருந்தது.

ஆம்ஹர்ஸ்டிலேயே இருந்த பொருளாதாரப் பேராசிரியர் அரிந்திரஜித் துபே, ஹெர்ண்டனின் அறிக்கை வந்த அதே வாரம், இதே தரவை எடுத்து இரண்டு படம் வரைந்தார். ஒன்றில், இன்றைய கடனும் அடுத்த மூன்று ஆண்டு வளர்ச்சியும். மற்றதில், இன்றைய கடனும் கடந்த மூன்று ஆண்டு வளர்ச்சியும். கடன்தான் வளர்ச்சியைக் கொல்கிறது என்றால் முதல் படத்தில் கோடு செங்குத்தாக இறங்கவேண்டும். இறங்கியது இரண்டாவது படத்தில். என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டியவை அந்த இரண்டு படங்கள். போட்டது எக்செல் தாளின் புகைப்படத்தை. அதில் தப்பும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன; படிக்கிறவருக்கு ஒரு நொடியில் புரியும். 90ஐ மலை விளிம்பு என்று மூன்று வருஷம் எழுதிய அதே ஊடகம், அதே அவசரத்தில், அதை ஒரு விரல் வழுக்கல் என்று முடித்து வைத்தது.

பதிலும் பிறகும்

ரைன்ஹார்ட்டும் ரோகோஃபும் எக்செல் தப்பை உடனே ஒப்புக்கொண்டார்கள். விடுபட்ட ஆண்டுகளைப் பொறுக்கி நீக்கவில்லை, அப்போது அந்தத் தரவு இன்னும் சரிபார்த்து முடியவில்லை என்றார்கள். நம்பாமலிருக்கக் காரணம் இல்லை. 2012இல் கார்மெனின் கணவர் வின்சென்ட் ரைன்ஹார்ட்டுடன் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரையை எடுத்துக்காட்டினார்கள்: 1800க்குப் பிறகு, நீண்டகாலம் கடன் 90க்கு மேல் நின்ற 26 சந்தர்ப்பங்களில் வளர்ச்சி சராசரியாக 1.2 புள்ளி குறைவு. ஹெர்ண்டன் குழுவின் எண்களிலும் கடன் கூடினால் வளர்ச்சி கொஞ்சம் குறைகிறதுதான்: 60 முதல் 90 வரை 3.2, 90க்கு மேல் 2.2, 120ஐத் தாண்டினால் 1.6. சரிவு இருக்கிறது, 90இல் பாதாளம் இல்லை. 2014இல் சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் மூவர், அப்படியொரு மந்திர எல்லை உண்டா என்று பெரிய தரவை வைத்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அரசியலில் யாரும் பதவி இழக்கவில்லை. ஆஸ்போர்ன் 2016 வரை நிதியமைச்சர். ரயன் 2015இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஆனார்.

மாற்றம் வந்தது ஆய்வாளர்கள் பக்கம். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2018இல் தரவுக்கென்றே ஓர் ஆசிரியரை நியமித்தது: லார்ஸ் வில்ஹூபர். 2019 முதல், அந்தச் சங்கத்தின் ஆய்விதழ்களில் கட்டுரை அச்சாகும் முன், ஆய்வாளர் கொடுத்த தரவையும் நிரலையும் வேறொருவர் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார். கட்டுரையில் உள்ள எண் வருகிறதா என்று அட்டவணை அட்டவணையாக ஒப்பிடுகிறார். வராவிட்டால் கோப்பு திரும்பிப் போகும். ஹெர்ண்டன் தன் வகுப்புக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்ததும் இதே வேலைதான்.